பேணியக்காவின் வெறுஞ்சாக்கு

செயலாளர் ஐயா, நீங்கள் மேடையில் நின்று பொய் சொன்னீர்கள்.

போன மாதம் பட்டின மண்டபத்துக்குக் கடைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். இனிமேல் கடைக் குப்பையைப் பிரித்துத்தான் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் ஒரு பையில், கடதாசி ஒரு பையில், தகரமும் போத்தலும் இன்னொன்றில். ஒவ்வொரு பையிலும் கடையின் பெயர் இருக்கவேண்டும் என்று ஒரு இளம் அதிகாரி விளங்கப்படுத்தினார். சொன்னது நல்ல விசயம்தான். கழுதைகள் பொலித்தீனைத் தின்றுவிட்டு வயிறு ஊதித் தெருவில் கிடப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

அவருக்குப் பிறகு, கடைக்காரர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் என்று உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"பிள்ளையள், இது புதுச் சட்டமில்லை. சண்டைக் காலத்திலையே இந்தப் பட்டினத்திலை நாங்கள் இதைச் செய்து காட்டினனாங்கள். ஒரு கடையும் மீறேல்லை. ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் வரேல்லை."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் அப்போது பிறக்கவில்லை. மீதிப் பாதி இடம்பெயர்ந்து வேறெங்கேயோ இருந்தது. அவர்களில் குற்றமில்லை. அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு மனுசியைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். அவருடைய ஆட்கள் யாராவது எங்காவது உயிரோடு இருந்தால், இதனால் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது.

நாங்கள் அவரைப் பேணியக்கா என்று கூப்பிட்டோம்.

என்னுடைய சைக்கிள் திருத்தும் கடைக்கு நேரெதிரே அவருடைய தேத்தண்ணிக் கடை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழி. கூரை முழுக்க மண்ணெண்ணெய்த் தகரங்களை அடித்துத் தட்டையாக்கிப் போட்டது. இருக்கிற வாங்கு, உடைந்த வள்ளத்தின் பலகை. மழைத் தண்ணி கூரையிலிருந்து பழைய சைக்கிள் மட்காட் வழியாக வாளிக்குள் வந்து விழும். அந்த மட்காட்டை நான்தான் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்லக்கூடாது. நான் எறிந்தேன், அவர் எடுத்தார்.

சின்ன உருவம். சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு நிற்பார். விரல்களில் எந்த நாளும் ஒரு துணிச்சுற்று இருக்கும். தகரம் வெட்டிய காயம். ஒன்று மாறினால் இன்னொன்று.

மற்றத் தேத்தண்ணிக் கடைக்காரர் டின்பால் பேணியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுப் பாலை ஊற்றி முடிந்ததும் பின்பக்கம் எறிந்துவிடுவார்கள். பேணியக்கா அப்படிச் செய்வதில்லை. மூடியை முழுக்க வெட்டி எடுப்பார். உள்ளே சுடுதண்ணி விட்டு அலசுவார். அந்தப் பால்தண்ணிக்கு ஒரு கிள்ளுச் சீனி போட்டு, வாசலில் நிற்கிற அகதி முகாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பிறகு பேணியின் விளிம்பை உள்பக்கமாக மடித்துக் கல்லால் தட்டிக்கொண்டே வருவார். கையை வைத்துத் தடவிப் பார்த்து, பிள்ளையின் வாயில் வைத்தாலும் வெட்டாது என்று தெரிந்த பிறகுதான் நிறுத்துவார். மேலே இரண்டு துளை போட்டு, என்னுடைய கடையில் அறுந்த பிறேக் கம்பியால் ஒரு பிடி. முடிந்தது. பேணியக்காவின் பேணி என்று யாரும் பார்த்தவுடன் சொல்வார்கள்.

அந்தப் பேணியில் அரிசி அளந்தார்கள். உப்புப் போட்டு வைத்தார்கள். கிணற்றடியில் குளித்தார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் வள்ளத்துக்குள் நிற்கிற தண்ணியை அதால் இறைத்தார்கள். மடு மாதா கோயிலுக்குப் போகப் பாதையில்லாத வருசங்களில், ஆவணித் திருவிழா நாளில் சனம் இங்கே கோயில் முற்றத்தில் நின்று மடுவின் பக்கம் பார்த்து மெழுகுதிரி கொளுத்தும். கடல்காற்று ஒரு திரியையும் நிற்கவிடாது. பேணியக்கா ஒரு கடகம் நிறையப் பேணி கொண்டுவந்து, ஒவ்வொரு திரிக்கும் ஒன்றை மறைப்பாக வைத்தார். அவர் வேதக்காரியில்லை. நெற்றியில் திருநீறு. நீங்கள் ஏன் இங்கே என்று யாரோ கேட்டதற்கு, "மாதாவுக்கும் மாரியாத்தாவுக்கும் அடிக்கிற காத்து ஒன்னுதானேங்க" என்றார்.

அவருடைய பேச்சிலேயே தெரிந்திருக்கும். அவர் இந்த ஊரவர் இல்லை. மலையகத்திலிருந்து வந்த குடும்பம். நறுவிலிக்குளத்துக்கு அங்கால் காடு வெட்டிக் குடியேறி, அங்கேயும் சண்டை வந்து, ஒரு கேத்திலோடு எங்களுடைய இந்தத் தீவுக்குள் வந்து சேர்ந்தவர். ஊரில் சிலபேர் அவரைத் தோட்டக்காட்டாள் என்று பின்னால் சொல்வார்கள். அவருடைய தேத்தண்ணியை மட்டும் வரிசையில் நின்று குடிப்பார்கள்.

எதை எறியப் போனாலும் ஒரு கேள்வி கேட்பார்: "அது என்னா பாவம் பண்ணுச்சு?"

ஒருநாள் கிழிந்த டியூப் ஒன்றைக் கடைக்குப் பின்னால் எறிந்தேன். ரோட்டைக் கடந்து வந்து நின்றார்.

"தம்பி, அது என்னா பாவம் பண்ணுச்சு?"

"அக்கா, அதிலை இனி ஒட்டுப்போட இடமில்லை. அதுக்கு மோட்சந்தான்."

"மோட்சத்துக்கு நான் அனுப்பிக்கிறேன். குடுங்க இங்க."

வளையம் வளையமாக வெட்டி விறகுக்கட்டுக்கு மாட்டினார். நீளமாக வெட்டிக் கதவுக்குப் பிணைச்சல் ஆக்கினார். மிஞ்சிய துண்டு அடுப்பு மூட்டப் போனது. தேயிலைச் சக்கையைக் கூரையில் காயவைத்து, வேப்பிலையோடு சேர்த்து அகதி முகாமுக்குக் கொடுப்பார், நுளம்புக்குப் புகை போட. வடை சுற்றிக் கொடுத்த கடதாசியைத் திருப்பித் தந்தால் சிரிப்பார், தராவிட்டால் பார்ப்பார். வடையின் ஓட்டையையும் எடுத்துவைத்து நாளைக்கு விற்கக்கூடிய மனுசி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பட்டினம் முழுக்கக் கழுதைகள் குப்பை கிளறித் திரியும். அவருடைய கடைப் பின்பக்கம் மட்டும் ஒரு கழுதையும் போகாது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, கடையில் ஆளில்லை. சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தியபோது கையில் ஒன்றும் எடுக்கவிடவில்லையாம். லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து காட்டோரம் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ரோட்டுக்கரையில் யாரோ எறிந்த பால்பேணி ஒன்று கிடந்ததாம். அவருடைய தாய் அதைக் கழுவி அதில்தான் முதல் கஞ்சி வைத்ததாம். "அந்த டின்னுதாங்க எங்கள வளத்துச்சு" என்றார். எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தார்.

இப்போது சாக்குக்கு வருகிறேன்.

தீவு ஆமியின் கையில் இருந்த காலம். பேணி, பற்றறி, வயர், உரப்பை என்றால் அவர்களுக்குப் பயம். இவற்றால்தான் இயக்கம் குண்டு கட்டுகிறது. அதை நேரே சொல்லாமல், பேணிக்குள் தண்ணி தேங்கி நுளம்பு பெருகுகிறது, மலேரியா வருகிறது, பட்டினம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொன்னார்கள். மலேரியாவும் உண்மைதான். எல்லாக் கடைக்காரரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். போன மாதம் நீங்கள் பேசிய அதே மண்டபம், ஐயா. ஆமி முகாமின் பெரியவர் சிங்களத்தில் சொல்ல, நீங்கள் தமிழில் சொன்னீர்கள். எங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். நீங்களும் அப்படித்தான் நினைத்திருந்தீர்கள்.

கடைகளில் சேரும் வெறும்பேணி, செத்த பற்றறி, வயர்த்துண்டு எல்லாவற்றையும் பிரித்து, வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்குப் பின்னால் கொண்டுவந்து வைக்கவேண்டும். ட்றக் வந்து ஏற்றும். குப்பையைக் குறைக்கிற கடைக்குப் பாராட்டு. இவ்வளவும் பெரியவர் சொன்னது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு சாக்கு, அதில் கடையின் பெயரைப் பெயின்ற்றால் எழுதவேண்டும் என்பது உங்களுடைய யோசனை. அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு சிங்களத்தில் அவருக்குச் சொன்னீர்கள். அவர் தலையாட்டினார். உங்களுக்கு முகமெல்லாம் சந்தோசம்.

கேள்வி இருக்கிறதா என்று கேட்டீர்கள். பேணியக்கா எழும்பினார். உங்களைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்து நேரே சிங்களத்தில் கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர், சிங்களம் தெரியாமல் எப்படி இருக்கும்? எங்களுக்குத்தான் அது யோசனையில் வரவில்லை. பெரியவர் கொஞ்சம் திகைத்து, பிறகு சிரித்து, ஏதோ நீளமாகப் பதில் சொன்னார். நீங்கள் அதைத் தமிழில் சொல்லவில்லை. வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டீர்கள்.

பேணியக்கா இருந்துகொண்டு எங்களுடைய வரிசைக்குச் சொன்னார்: "வேலை செய்யிற டின்னு குப்பையான்னு கேட்டேன். வேலை செய்யிறது குப்பை இல்ல, வச்சுக்க, சும்மா கெடக்கிறதக் குடுன்னு சொல்லிட்டாரு."

அவர் எவ்வளவு சந்தோசமாகச் சொன்னார் என்று நினைத்துப் பார்க்கிறேன். சட்டம் தன்னுடைய பக்கம் என்று அந்த மனுசி நம்பிவிட்டார். குப்பையைக் குறைக்கச் சொல்கிறார்கள், என்னிடம் குப்பையே இல்லை, இதைவிட என்ன வேண்டும்? அப்படித்தான் அவருடைய கணக்கு. அந்தச் சாக்கு நிறையவேண்டும் என்பதற்காகத்தான் தரப்பட்டது என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தவேண்டியவர் மேடையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்குப் பின்னால் சாக்குகள் வரிசையாக நிற்கும். மற்றவர்களுடையது வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அவருடையது நிற்காது. நிற்க உள்ளே ஒன்றுமில்லை. பெயர் மேலே தெரிகிறமாதிரி மடித்துக் கீழே வைப்பார். நான்கைந்து செத்த பற்றறி மட்டும் அதற்குள் இருக்கும்.

"என்ன பேணியக்கா, கடை நடக்குதோ, இல்லாட்டி விரதமோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். ட்றக்கில் நின்ற ஆமிக்காரனுக்கும் அதைச் சிங்களத்தில் சொன்னீர்கள். அவன் சிரித்தான். அவனுக்குப் பேணியக்காவைத் தெரியும். அவனுடைய காவல் சென்றியில் குளிக்க வைத்திருந்ததும் அவருடைய பேணிதான். கிணற்றில் தண்ணி அள்ளிக் குளிக்க ஒன்று தா என்று கேட்டு வாங்கிப் போனவன்.

இதனால் இன்னொரு கதையும் வந்தது. ஆமியோடு சிங்களம் கதைக்கிறாள், ஆமிக்குப் பேணி கொடுக்கிறாள் என்று ஊரில் கதைத்தார்கள். இயக்கத்தின் பக்கத்தால் அவருக்கு ஏதும் வருமோ என்றுதான் நான் பயந்தேன். ஆமியின் பக்கத்தை நான் பார்க்கவில்லை.

பெரியவர் மாற்றலாகிப் போனார். புதுசாக வந்தவர் சிரித்து ஒருவரும் கண்டதில்லை. அவர் வந்து கொஞ்ச நாளில் ரோட்டில் ஒரு குண்டு வெடித்தது. ஆமிக்காரர் செத்தார்கள். பால்பேணிக்குள் அடைத்துக் கட்டிய குண்டு என்று கதை வந்தது. உண்மையோ தெரியாது. அந்தக் கதை போதும்.

மறுநாள் காலமை பெண்கள் கடகங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவதைக் கண்டேன். மட்டி பொறுக்கப் போகிறமாதிரி நடந்தார்கள். மட்டி பொறுக்கிற காலம் அது இல்லை. கடகத்தின் மேல் துணி. பின்னேரம் தண்ணி வற்றியபோது சேறு முழுக்கப் பேணிகள். வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. கம்பிப் பிடியெல்லாம் அப்படியே. இரண்டு கழுதைகள் அவற்றை மணந்து பார்த்துக்கொண்டு நின்றன. சென்றியில் நின்றவனும் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேணியக்கா போனார். சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் கரையில் நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, இப்ப வேண்டாம். பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

"பாக்கட்டும் தம்பி. ஒளிச்சு எடுத்தாத்தானே தப்பு?"

"சனம் பயத்திலை எறிஞ்சது. அதைப் போய்..."

"அது என்னா பாவம் பண்ணுச்சு?"

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நான் சிரிக்கவில்லை.

கழுவி எடுத்துக்கொண்டு வீடுவீடாகத் திருப்பிக் கொடுக்கப் போனார். பேணியோடு வருகிறார் என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினார்கள். முந்தநாள்வரை அந்தப் பேணியால் உலையில் அரிசி போட்டவர்கள். ஒரு வீட்டில் உள்ளே ஆள் இருந்துகொண்டே இல்லை என்று சொன்னதாம். அதை எனக்குச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான். அவ்வளவு பேணியையும் கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்தார், யாரும் கேட்டால் கொடுக்க.

இதையெல்லாம் அந்தச் சாக்கில் போட்டு வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுங்கள், தொல்லை முடிந்தது என்று கெஞ்சினேன்.

"நல்லாருக்கிற சாமானக் குப்பைன்னு எப்படிங்க குடுக்கிறது? அந்தப் பெரியவரு வச்சுக்கன்னு சொன்னாரே."

"அவர் மாத்தலாகிப் போயிட்டார் அக்கா."

"செயலாளரு ஐயா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு? அவரு சொல்லுவாரு."

உங்களைத்தான் ஐயா. உங்களை நம்பித்தான் அந்த மனுசி அந்த வெள்ளிக்கிழமையும் வெறுஞ்சாக்கைக் கொண்டுவந்தார்.

புதுப் பெரியவர் அன்றைக்குத் தானே சந்தைக்குப் பின்னால் வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், தட்டையாகக் கிடந்த சாக்குக்கு முன்னால் நின்றார். சப்பாத்து நுனியால் அதைத் தட்டிப் பார்த்தார். பெயரைக் காட்டி உங்களிடம் ஏதோ கேட்டார். பேணியக்கா சிங்களத்தில் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே உங்களைக் கையால் காட்டினார். பெரியவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் ஒரு சொல் சொன்னீர்கள். ஒரேயொரு சொல். சொல்லிவிட்டு அடுத்த சாக்கைக் காட்ட நடந்தீர்கள்.

பேணியக்கா உங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குச் சிங்களம் தெரியாது. திரும்பி வரும்போது, என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு சொல்லிட்டாரு தம்பி."

அன்று பின்னேரம், வடை போடுகிற நேரம், ஜீப் வந்தது. கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒருவன் கடைக்குப் பின்னால் போய் அந்தப் பேணிக் குவியலைப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினான். அவ்வளவுதான். இரண்டு பேர் பேணிகளை ஜீப்பில் போட்டார்கள். அவரை வரச்சொன்னார்கள், கதைத்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

பேணியக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கினார். அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணி தெளித்தார். அது புகைந்து அணையும்வரை நின்றார். பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, கட்டைய அணைச்சிட்டேன். பாதிதான் எரிஞ்சிருக்கு. நாளைக்கு ஆவும்."

ஜீப்பில் ஏறினார். அதுதான் அவரை நான் கடைசியாகக் கண்டது.

மறுநாள் கொட்டிலைத் திறக்க ஆளில்லை. அதற்கடுத்த நாள் கழுதைகள் முதல்தடவையாக அந்தக் கடைக்குப் பின்னால் போய் நின்றன.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எறியாமல் இன்னும் யாராவது வைத்திருப்பார்கள். அந்தப் பேணிகளைச் சேர்த்துக் காட்டினால், இவை அரிசி அளக்கிற பேணி, உப்புப் பேணி என்று யாருக்கும் கண்ணாலேயே விளங்கும். அவருடைய சாக்கு சந்தைக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். பலபேர் கதவு திறக்கவில்லை. சிலபேர் தந்தார்கள். பேணியின் அடியில் அரிசி ஒட்டியிருந்தது, உப்பு ஒட்டியிருந்தது. நான் ஒன்றையும் கழுவவில்லை. கிறீஸ் போட்டு வைத்திருந்த என்னுடைய பேணியையும் போட்டேன். அதில் ஒரு பக்கம் சைக்கிளுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ற் சிந்தியிருந்தது.

என் மனுசி அரிசிப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாள்.

"கொண்டு போங்கோ. ஆனா எங்கடை வீட்டிலை எடுத்தது எண்டு சொல்லாதேங்கோ."

"சொல்லாட்டி என்னத்துக்கு இது?"

அவள் அழுதாள். பிறகு தந்தாள்.

அந்தச் சாக்கு முதல்முறையாக நிறைந்தது. பெயர் நிமிர்ந்து தெரிந்தது. அதைச் சைக்கிளில் கட்டி உங்களுடைய வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முகாம் கேற்றைத் தாண்டி உள்ளே போகக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சாய்மனைக் கதிரையில் இருந்தீர்கள். எல்லாம் கேட்டீர்கள்.

"வைச்சிட்டுப் போ. நான் பாத்துக்கொள்ளுறன்."

"நானும் வாறன் ஐயா. அந்தப் பழைய பெரியவர் சொன்னதையும் சொல்லவேணும்."

"நீ வந்தா உன்னையும் இருத்திப்போடுவாங்கள். உனக்குப் பெண்சாதி இருக்கு. போ."

போனேன். பிறகு ஒவ்வொருமுறை கேட்கும்போதும் கதைத்திருக்கிறன், பாப்பம் என்றீர்கள். அதற்குப் பிறகு, பொறு என்றீர்கள். கடைசியில், அவள் ஆருடைய ஆள் எண்டு எங்களுக்கு என்ன தெரியும் என்றீர்கள். இவ்வளவு காலம் அவருடைய கையால் தேத்தண்ணி குடித்த வாய். விசாரித்துக்கொண்டு வர அவருக்கு இங்கே ஒரு சொந்தமும் இல்லை. நான் முகாம் வாசலில் போய்க் கேட்டேன். அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை என்றார்கள். கேற்றடியில் தண்ணி குடிக்க வைத்திருந்த பேணிக்குக் கம்பிப் பிடி இருந்தது.

மாரி வந்து போனது. சங்கத்துச் சந்தாப் பணம் கட்ட உங்களுடைய வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இல்லை. படலையிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் குறோட்டன் கன்றுகள். சட்டியில் இல்லை, பேணியில். அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, வரிசையாக வைத்திருந்தது. விளிம்பெல்லாம் உள்ளே மடித்துத் தட்டியது. மேலே இரண்டு துளை. கம்பிகளை மட்டும் கழற்றியிருந்தீர்கள். வரிசையில் ஒன்றில் பச்சைப் பெயின்ற் சிந்தியிருந்தது.

உங்களுடைய மனுசி வாசலில் நின்றார். அவருக்கு முன்னாலேயே குந்தி, அந்தக் குறோட்டனை வேரோடு பிடுங்கி மண்ணில் வைத்துவிட்டு, பேணியைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை, ஐயா? உங்களுடைய வீட்டுக்குள் வந்து ஒருவன் பூக்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனால், என்னடா இது என்று கேட்கமாட்டீர்களா?

அந்தக் காலத்தில் இதை எழுதியிருந்தால் நானும் ஜீப்பில் ஏறியிருப்பேன். இன்றைக்கு ஜீப் இல்லை. மண்டபம் இருக்கிறது, மைக் இருக்கிறது, கை தட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

புதிய குப்பைச் சட்டத்துக்கு அடுத்த கூட்டம் அதே மண்டபத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களைத் திரும்பவும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். பச்சைப் பெயின்ற் சிந்திய பேணியை உங்களுடைய மைக்குக்குப் பக்கத்தில் வைப்பேன். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். வீட்டுக்கு வா, கதைப்பம் என்று ஆளனுப்ப வேண்டாம். கை தட்டிய அவ்வளவு பேருக்கும் முன்னால், தமிழில், எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, உங்களுக்குத் தெரிந்த ஒன்றை ஏன் தெரியாது என்று சொன்னீர்கள்?

நான் நிறைத்துக் கொண்டுவந்த சாக்கு, முகாம் கேற்றுக்குள் போனதா, இல்லையா?